வருமுன் காக்கும் இலை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்னும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் வெளியூர் அன்பர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, ரயில் ஜன்னல் வழியே வந்து நாசியைத் தாக்கும் தோல் வாடை. மற்றொன்று, அந்த வாடையை உடனே மறக்கச் செய்யும் பிரியாணியின் மணம். இவ்விரண்டுக்கும் நடுவே, ரயில் பாதையின் ஓரத்திலும் பாலாற்றங்கரை மேட்டிலும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் நினைக்க வேண்டியது அதைத்தான்.

இந்தப் பக்கத்தில் தோல் தொழில் தழைத்ததற்கு ஆவாரம்பட்டையும் ஒரு முக்கிய காரணம். பட்டையை இடித்து ஊறவைத்த நீரில் தோலைப் பல நாள் கிடத்தி, முடிவில் கடுக்காய் நீரிலும் நனைத்தெடுப்பது இவ்வூர்களின் பழைய முறை. அப்படிப் பதனிட்ட தோல், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, லண்டன் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயருடன் விலை போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோம் உப்பினால் பதனிடும் முறையைப் பரிசோதித்துக் காட்டினார். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டையும் வந்து சேர்ந்தது. ஆவாரைக்கு இருந்த மதிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. இன்று பெரும்பாலான தொழிற்சாலைகளில் குரோம்தான் அரசோச்சுகிறது.

பட்டையில் அப்படி என்னதான் இருக்கிறது? 'டானின்' என்னும் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. பாக்கை மெல்லும்போதும், வாழைப்பூவை நறுக்கிக் கை கறுக்கும்போதும், கடுக்காயை நாவில் வைத்தவுடன் வாய் சுருங்கும்போதும் நாம் உணர்வது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களைத்தான். டானின், புரதத்தைக் கண்டால் விடாமல் பற்றிக்கொள்ளும். தோலிலுள்ள புரதத்தோடு அது பிணைந்துவிட்டால் பிறகு அழுக வைக்கும் கிருமிகளுக்கு அங்கே இரை இல்லை. தோல் அழுகாமல் நின்று செருப்பாகவும் பையாகவும் ஆகிறது.

இது நமக்கு உபயோகமான குணம். ஆனால் ஆவாரை, நம்முடைய செருப்பை நினைத்தா இந்தப் பொருளைத் தயார் செய்து வைத்தது? நிச்சயமாக இல்லை. தன்னைத் தின்ன வரும் புழுவை நினைத்துத்தான்.

அரணும் படையும்

ஓர் அரசுக்கு அரண் வேண்டும், படை வேண்டும், ஒற்று வேண்டும் என்பது நம்முடைய நீதி நூல்கள் கண்ட உண்மை. ஓடி ஒளிய முடியாமல் ஓரிடத்தில் நின்றே வாழும் செடிக்கும் இம்மூன்றும் வேண்டியிருக்கின்றன.

துவர்ப்பு, செடியின் அரண். இலையைத் தின்னும் புழுவின் வயிற்றில், டானின் அந்த இலையின் புரதத்தைப் பற்றிக்கொண்டு செரிக்கவிடாமல் செய்யும். சில புழுக்களின் குடலில் அது வேறு விதமாக மாறி, குடலின் உட்சுவரையே புண்ணாக்கும். இங்கிலாந்தின் ஓக் மரத்தைப் பற்றி பால் ஃபீனி என்பவர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் புகழ்பெற்றது. வசந்தத்தில் தளிர் விடும்போது அம்மரத்தின் இலையில் டானின் குறைவு. நாள் ஆக ஆக அது மிகுகிறது. அம்மரத்தைத் தின்னும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்கள், தளிர்ப் பருவத்துக்குள் அவசர அவசரமாகத் தின்று முடித்துவிடுவதன் காரணம் இதனால் விளங்கிற்று. கோட்டைக் கதவு சாத்தப்படுவதற்குள் கொள்ளையடித்து விட வேண்டுமல்லவா?

அடுத்தது படை. ஆவாரையின் கூட்டிலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். எதிரெதிரே அமைந்த சிற்றிலைகளின் ஒவ்வொரு சோடிக்கும் நடுவில், நடுநரம்பின் மேல், ஊசி முனை போல் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு சுரப்பி தெரியும். பூவில் தேன் இருப்பது யாவரும் அறிந்ததே. இலையில் எதற்காகத் தேன்? எறும்புக்குக் கூலி கொடுப்பதற்காக! தேனை நாடி வரும் எறும்புகள் இலையெங்கும் ஓடித் திரிகின்றன. வழியில் அகப்படும் சிறு புழுவையும் முட்டையையும் அவை பெரும்பாலும் விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் ஆவாரைக்கு உறவான ஒரு செடியை ஆராய்ந்தவர்கள், இலை சேதமுற்றால் இந்தத் தேன் அதிகமாகச் சுரக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆபத்து வந்தால் காவலாளியின் கூலியைக் கூட்டிக் கொடுக்கும் சாமர்த்தியம் செடிக்கு இருக்கிறது.

முட்டை கடிப்பதில்லையே!

அரணும் படையும் சரி. மூன்றாவதான ஒற்றுக்கு வருவோம். இன்று நாம் நேயர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

மழைக்குப் பின் ஆவாரை தளிர்க்கும் நாட்களில், வெளிர்மஞ்சளும் வெண்மையுமான வண்ணத்துப்பூச்சிகள் அதைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். இளந்தளிரில் ஒரு கணம் உட்கார்ந்து, வயிற்றை வளைத்து, அரிசி நொய்யினும் மெல்லியதாய் ஒரு வெண்ணிற முட்டையைச் செங்குத்தாக ஒட்டிவிட்டு அடுத்த தளிருக்குப் போகும். வண்ணத்துப்பூச்சி இலையைக் கடிக்கவில்லை. முட்டையும் கடிப்பதில்லை. இலையில் ஒரு கீறல் கூட விழவில்லை. ஆனால் சில நாளில் அந்த முட்டையிலிருந்து வெளிவரும் புழு, இலையின் விளிம்பிலிருந்து தின்னத் தொடங்கும். புழு வாயைத் திறந்த பிறகு விழித்துக்கொள்வதை விட, முட்டை ஒட்டிய போதே விழித்துக்கொள்வது எவ்வளவோ மேல். இலைக்கு அது முடியுமா?

நாம் பள்ளியில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "இலைக்குக் கண் உண்டா?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. 1901ஆம் ஆண்டில் நம் ஜகதீச சந்திர போஸ் லண்டன் ராயல் சொஸைட்டியின் மேடையில் நின்று, தாவரமும் தீண்டலுக்கும் நஞ்சுக்கும் மறுமொழி தருகிறது என்று கருவியைக் கொண்டு காட்டியபோது, கேட்டவர்களில் பலர் நம்ப மறுத்தார்கள். செடிக்கு உணர்ச்சி என்று சொன்னால் அது கவிஞர் பேச்சு என்று ஒதுக்கிய காலம் அது. இன்று அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. இலைக்குக் கண் இல்லை. ஆனால் தன்மேல் ஒட்டிய பொருளின் ரஸாயனத்தை அடையாளம் காணும் திறன் உண்டு. முட்டையை ஒட்டவைக்கும் பசையிலும் முட்டையிலும் உள்ள பொருள்கள் இலையினுள் ஊறுகின்றன. இலையின் அணுக்கள் அவற்றை இன்னதென்று கண்டுகொள்கின்றன. முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியின் முட்டையிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளே இலையை எழுப்பிவிடுகிறது என்று ஸ்விட்ஜர்லாந்தின் லோஸான் பல்கலைக்கழகத்தினர் 2020ஆம் ஆண்டில் காட்டினர். நோய்க் கிருமி நுழைந்தால் செடி எவ்வாறு எழுந்து கொள்ளுமோ, முட்டை ஒட்டினாலும் ஏறக்குறைய அவ்வாறே எழுந்து கொள்கிறது.

கடுகும் பட்டாணியும் நெல்லும்

எழுந்த பின் செடி என்ன செய்கிறது? நம் சமையலறையிலும் வயலிலும் பழகிய மூன்று பயிர்களையே சாட்சிக்கு அழைப்போம்.

முதல் சாட்சி, கருங்கடுகு. கோஸ் வண்ணத்துப்பூச்சியின் இனத்தைச் சேர்ந்த பூச்சிகள் இதன் இலையில் முட்டையிட்டால், முட்டைக்கு நேர் கீழே உள்ள இலைப்பகுதியைச் செடி தானே சாகடித்துவிடுகிறது. அங்கே ஒரு கரும்புள்ளி தோன்றும். ஈரம் நின்று போகும். முட்டை காய்ந்து சுருங்கும், சில சமயம் உதிர்ந்தும் விடும். தன் உடலில் கடுகளவு இடத்தைத் தானம் கொடுத்து இலை முழுவதையும் காப்பாற்றிக்கொள்கிறது கடுகு. கலிபோர்னியாவில் ஷபிரோ, டிவே என்னும் இருவர் 1987ஆம் ஆண்டில் இதை வெளியிட்டனர்.

இரண்டாம் சாட்சி, பட்டாணி. பயற்றைப் பானையில் போட்டு வைத்தால் வண்டு விழுந்து துளையிடுவதை அறியாத இல்லத்தரசி இல்லை. அந்த வண்டின் உறவான பட்டாணி வண்டு, பச்சைக் காயின் மேல் முட்டையிடும். சில பட்டாணி வகைகளில், முட்டைக்கு அடியில் காயின் சதை ஒரு கொப்புளம் போல் பொங்கி எழுந்து முட்டையை மேலே தூக்கி விடுகிறது. பொரிந்த புழு, உடனே காய்க்குள் நுழைய முடியாமல் வெயிலிலும் பகைவர் கண்ணிலும் அகப்பட்டுத் தவிக்கும். பட்டாணிச் செடியை இவ்வாறு பொங்கச் செய்யும் பொருள் வண்டிடமே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அது அமெரிக்காவில் கண்டறியப்பட்டது.

மூன்றாம் சாட்சி, நெல். வெண்முதுகுத் தத்துப்பூச்சி என்னும் சிறு பூச்சி, நெல்லின் இலையுறைக்குள்ளேயே முட்டையைச் செருகி வைக்கும். ஜப்பானிய நெல் வகைகளில் அந்த இடம் நீர் கோத்தது போல் ஆகி, 'பென்ஸைல் பென்ஸோயேட்' என்னும் பொருள் அங்கே உண்டாகி முட்டைகளைக் கொன்றுவிடுகிறது. 1996ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் இதை அறிவித்தனர். இந்த நீண்ட பெயரைக் கண்டு நேயர்கள் மலைக்க வேண்டாம். குழந்தைகளுக்குச் சொறி சிரங்கு வந்தால் உடம்பெல்லாம் பூசச் சொல்லி டாக்டர் கொடுக்கும் வெள்ளை மருந்தில் இருப்பதும் இதுவேதான். சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சிக்கு நாம் பூசுவதை, தத்துப்பூச்சியின் முட்டைக்கு நெல் தானே வடித்துப் பூசுகிறது.

இலை அழைக்கிறது

இவற்றிலும் வியப்பானது ஒன்று உண்டு. தன்னால் கொல்ல முடியாத முட்டையைக் கொல்ல, செடி ஆள் அனுப்பி அழைக்கிறது.

ஐரோப்பியச் சாலைகளில் எல்ம் என்றொரு மரம் உண்டு. அதன் இலையைத் தின்னும் வண்டு, இலையின் தோலைச் சிறிது சுரண்டிவிட்டு முட்டைகளை ஒட்டும். முட்டை ஒட்டப்பட்ட பிறகு இலையிலிருந்து ஒருவித வாசனை காற்றில் பரவத் தொடங்குகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மிகச் சிறிய குளவி ஒன்று வந்து சேரும். வந்து, வண்டின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும். பிறகு அந்த முட்டையிலிருந்து வண்டின் புழு வராது, குளவியின் குஞ்சுதான் வரும். பெர்லினில் மோனிக்கா ஹில்கர், டார்ஸ்டன் மைனர்ஸ் முதலியோர் 1997ஆம் ஆண்டு முதல் இதை நிலைநாட்டினர். முட்டையை ஒட்டும் பசையை மட்டும் எடுத்து, கீறிய இலையில் தடவிப் பார்த்தார்கள். இலை அப்போதும் அழைத்தது! முட்டை இட்ட இலை மட்டுமன்றி, அதே செடியின் மற்ற இலைகளும் சேர்ந்து அழைத்தன. ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் தெருவே கூச்சல் போடுவது போலத்தான்.

நம் நாட்டில் இத்தகைய குளவிகள் இல்லையா? ஏராளம் உண்டு. 'டிரைக்கோகிராமா' என்னும் முட்டைக் குளவி, நீளத்தில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். கோலப்பொடியின் ஒரு துகள் பறந்தால் எப்படி இருக்குமோ அப்படி. தமிழ்நாட்டில் கரும்பின் இடைக்கணுப் புழுவையும் நெல்லின் குருத்துப் பூச்சியையும் அடக்க, பல ஆண்டுகளாகவே இதைப் பரிசோதனைச் சாலைகளில் வளர்த்து வயலில் விடுகிறார்கள். அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, குளவிகளை அவற்றில் முட்டையிடச் செய்து, அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் கரும்புத் தோகையின் அடிப்புறத்தில் கட்டிவிடுவார்கள். ஓரிரு நாளில் குளவிகள் வெளிப்பட்டு வேலையைத் தொடங்கும். பழந்துணியில் முடிந்து வைத்த அஷ்டகந்தம் போல, ஒரு சிறு அட்டைக்குள் ஒரு படையே அடங்கியிருக்கிறது.

பூச்சி சும்மா இருக்குமா?

இதைக் கேட்டுவிட்டு, செடிகளெல்லாம் வென்று பூச்சிகளெல்லாம் தோற்றுவிட்டன என்று எண்ணிவிடக் கூடாது. அப்படியானால் புழு தின்னாத இலையே உலகத்தில் இருக்க வேண்டும். கடுகின் கரும்புள்ளித் தந்திரம், தனித்தனியாக இட்ட முட்டையிடம் நன்றாகப் பலிக்கிறது. குவியலாக இட்ட முட்டையிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. கூட்டமாக நெருங்கி இருக்கும் முட்டைகள் சீக்கிரம் காய்வதில்லை போலும். இன்னும் சில முட்டைகள் செடியின் கவனத்தை வேறு பக்கம் திருப்பி, புழுவை எதிர்க்கும் ஏற்பாட்டைத் தளர்த்தியும் விடுகின்றன. நெல் குருத்துப் பூச்சி, தன் முட்டைக் குவியலைத் தன் உடல் ரோமத்தாலேயே போர்த்தி மூடுகிறது. ஒரு பக்கம் பூட்டு, ஒரு பக்கம் கள்ளச்சாவி. இந்தப் போட்டி எத்தனையோ லட்சம் ஆண்டுகளாக நடந்து வருகிறது. இதில் எந்தப் பக்கமும் முற்றிலும் வெல்லாமல் இருப்பதால்தான் வண்ணத்துப்பூச்சியும் இருக்கிறது, ஆவாரையும் பூக்கிறது.

ஆனால் மூன்றாவது ஆளாக மனிதன் குறுக்கே வந்து, ஒரு பக்கத்தின் கையைக் கட்டிவிட்டான். அதை இனிச் சொல்ல வேண்டும்.

குரல் இழந்த பயிர்

சோளத்தையும் மக்காச்சோளத்தையும் தாக்கும் தண்டுத் துளைப்பான் ஒன்று உண்டு. ஆசியாவே அதன் தாயகம். அங்கிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள குடியானவர்களின் வயிற்றில் அடித்தது. கென்யாவிலுள்ள சர்வதேசப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தமிரு என்பவரும் அவருடைய தோழர்களும் இதைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியை 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். லத்தீன் அமெரிக்காவின் பழைய மக்காச்சோள வகைகளில் அந்தப் பூச்சி முட்டையிட்டபோது, பயிர் வாசனையை வெளிவிட்டு முட்டைக் குளவியை அழைத்தது. அதுமட்டுமல்ல. முட்டை பொரிந்து வரப்போகும் புழுவைத் தாக்கும் வேறொரு குளவியையும் அப்போதே அழைத்து வைத்தது! ஆனால் அதே ஆராய்ச்சியில், கடையில் விற்கும் வீரிய ஒட்டு ரகங்களில் பூச்சி முட்டையிட்டபோது அவை வாயே திறக்கவில்லை.

ஏன்? ரகத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் கதிரின் நீளத்தைப் பார்த்தார்கள், மணியின் எடையைப் பார்த்தார்கள், ஒரே சமயத்தில் விளைகிறதா என்று பார்த்தார்கள். கூப்பிடுகிறதா என்று பார்க்கவில்லை. பூச்சிக்கு மருந்து அடித்துக் காப்பாற்றிய நிலத்தில், கூப்பிடத் தெரியாத செடியும் கூப்பிடத் தெரிந்த செடியும் ஒன்றாகவே விளைந்தன. ஆகவே அந்தக் குணம் கவனிப்பாரற்றுக் கைநழுவிப் போயிற்று. பெரிய விளைச்சலைத் தந்த அறிஞர்களை நாம் குறை கூறவில்லை. பஞ்சத்தைக் கண்ட நாடு அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் மூட்டைக் கணக்கில் சேராத செல்வமும் விதைக்குள் உண்டு என்பதை மறக்கலாகாது.

குரல் இருந்தும் பயனில்லாத நிலையும் உண்டு. அழைத்தால் வருவதற்கு ஆள் வேண்டுமே! புகையான் என்று நம் குடியானவர் சொல்லும் பழுப்புத் தத்துப்பூச்சி, 1970களிலும் 1980களிலும் ஆசிய நாடுகளின் நெல்வயல்களைத் தீய்த்ததற்கு மருந்தும் ஒரு காரணமாயிற்று. புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். தெளித்த மருந்து மேலே திரியும் சிலந்தியையும் குளவியையும் முட்டையுண்ணும் நாவாய்ப் பூச்சியையும் கொன்றுவிடும். முட்டை பொரிந்து வெளியே வந்தால், பகைவரே இல்லாத ராஜ்யம்! இதை உணர்ந்த இந்தோனேசிய அரசு, 1986ஆம் ஆண்டில் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. நாடு பட்டினி கிடக்கவில்லை. மருந்துச் செலவுதான் குறைந்தது.

கடன் வாங்கிப் பயிரிட்ட குடியானவர், இலையில் ஒரு முட்டைக் குவியலைக் கண்டதும் மனம் பதறி மருந்துக் கடைக்கு ஓடுவதில் வியப்பில்லை. அவருடைய பதற்றம் நியாயமானது. ஆனால் வேளாண்மைத் துறையினரே ஒரு வரம்பு வகுத்திருக்கிறார்கள். நெல் குருத்துப் பூச்சியானால், சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல் அல்லது நூற்றுக்குப் பத்துக் குருத்துக் காய்ந்த நிலை வரும்போதுதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அந்த எல்லை வரையில் பொறுப்பது சோம்பல் அல்ல. செடிக்கும் குளவிக்கும் வேலை செய்ய அவகாசம் கொடுப்பதாகும்.

நாம் செய்யக் கூடியது

விதைகளைக் காப்பது முதல் வேலை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நெல் ஜெயராமன், 2018ஆம் ஆண்டில் மறையும் வரையில், நூற்றுக்கும் மேற்பட்ட பழைய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்து, விதைத் திருவிழா நடத்திக் குடியானவர்களுக்குக் கொடுத்தார். நம் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த விதையைத் தலைமுறை தலைமுறையாகச் சாம்பலில் புரட்டிக் காப்பாற்றியது எந்த ஆராய்ச்சி நிலையமும் அல்ல, அவ்வூர்க் குடும்பங்கள்தாம். பழைய விதைகளை ருசிக்காகவும் மருந்துக் குணத்துக்காகவும் போற்றுகிறோம். அவற்றின் தற்காப்புக்காகவும் போற்ற வேண்டும். புதிய ரகம் உண்டாக்குவோர், பழைய வகைகளை வரிசையாக நிறுத்தி, பூச்சியை முட்டையிட விட்டு, எது அழைக்கிறது, எது ஊமையாய் நிற்கிறது என்று பரிசோதிக்க வேண்டும். நம் வேளாண்மைக் கல்லூரிகளில் படிக்கும் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல தேசத் தொண்டு கிடைப்பது அரிது.

நிலம் இல்லாத நேயர்களுக்கு வீட்டுக் கொல்லை இருக்கிறது. கொல்லை இல்லாதவர்க்கு மாடித் தொட்டி இருக்கிறது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை இவற்றின் தளிரில் வெளிர்மஞ்சளாக, உருண்டையாக, கடுகுக்கும் சிறிதாக ஒரு முட்டையைக் காண நேர்ந்தால் உடனே நசுக்க வேண்டாம். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. நாள்தோறும் காலையில் அதன் நிறத்தைக் குறித்து வரச் சொல்லுங்கள். முட்டை ஒரே சீராகக் கன்னங்கரேலென்று ஆகி, பல நாள் ஆகியும் புழு வராமல் இருந்தால், உள்ளே பெரும்பாலும் குளவிக் குஞ்சு வளர்கிறது என்று அறியலாம். பிறகு அந்த முட்டையில் ஊசியால் குத்தினாற் போல் ஒரு துளை தெரியும். புழு வந்துவிட்டாலும் குடி முழுகிப் போகாது. நாலு கறிவேப்பிலை போகும், ஒரு வண்ணத்துப்பூச்சி வரும்.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரும் உண்டோ என்று நம் முன்னோர் பழமொழி சொல்லி வைத்தார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டவும், வெயிலில் தலைக்கு வைத்துக்கொள்ளவும், தோலைப் பதனிடவும் அந்தச் செடி நமக்கு உதவியிருக்கிறது. அத்தனையும் அது தனக்காகச் சேர்த்து வைத்த பொருளிலிருந்து நாம் எடுத்துக்கொண்டவை. சாலையை அகலப்படுத்தும்போதும் மனைக்காக நிலத்தைச் சமன் செய்யும்போதும் முதலில் வெட்டுப்படுவது ஆவாரைதான். அதை வெட்டினால் பூ மட்டும் போவதில்லை. அதன் இலைத்தேனை உண்ட எறும்பும், அதன் தளிரில் முட்டையிட்ட பூச்சியும், அந்த முட்டையை நம்பிய குளவியும் சேர்ந்தே போகின்றன. அந்தக் குளவிகளில் சில, பக்கத்து வயலின் கரும்புக்கும் கத்தரிக்கும் காவல் நின்றவையாக இருக்கக் கூடும். வேலியோரத்தில் நாலு ஆவாரஞ்செடியை விட்டு வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.